முந்துவது பேச்சா, படமா?

பள்ளிக்கூடத்திலும் ஆபீசிலும் இன்று இந்தக் காட்சியைக் காணலாம். ஒருவர் நின்று பேசுகிறார். அவருக்குப் பின்னால் உள்ள திரையில் எழுத்தும் படமும் மாறி மாறி வருகின்றன. அவற்றுக்குச் "சிலைடு" என்று பெயர்.

கம்ப்யூட்டரில் சிலைடு தயாரிக்க உதவுவது "பவர்பாயிண்ட்". ராபர்ட் காஸ்கின்ஸ் என்ற அமெரிக்கரும் அவருடைய கூட்டாளிகளும் இதை உருவாக்கினார்கள். 1987-ம் ஆண்டு இது விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாப்ட் கம்பெனி, அவர்களுடைய கம்பெனியையே 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு வாங்கிவிட்டது!

7 உயிர்கள்

சொல்ல வேண்டியதை எல்லாம் சிலைடில் பொடி எழுத்தில் அடைத்தால் என்ன ஆகும்? அதற்கு ஒரு துயரச் சம்பவம் சாட்சி.

2003-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி "கொலம்பியா" விண்கலம் அமெரிக்காவில் இருந்து கிளம்பியது. இந்தியாவில் பிறந்த கல்பனா சாவ்லா உள்பட 7 பேர் அதில் இருந்தார்கள். கிளம்பியதும், எரிபொருள் தொட்டியைப் போர்த்தி இருந்த நுரைப் பொருளில் ஒரு துண்டு பெயர்ந்து, இடது இறக்கையில் மோதியது.

ஆபத்து உண்டா? என்ஜினீயர்கள் ஆராய்ந்தார்கள். முடிவைச் சிலைடுகளில் எழுதி மேலதிகாரிகளுக்குக் காட்டினார்கள். ஒரு சிலைடின் தலைப்பு, பயம் இல்லை என்பது போல இருந்தது. ஆனால் அடியில், பொடி எழுத்தில் இருந்த சேதி வேறு. முன்பு சோதனை செய்த துண்டின் அளவு 3 கன அங்குலம். இதுவோ 1,920 கன அங்குலம். அதாவது, 640 மடங்கு பெரியது!

பிப்ரவரி 1-ந் தேதி விண்கலம் பூமிக்குத் திரும்பியது. இறக்கையில் இருந்த ஓட்டை வழியே கொதிக்கும் காற்று புகுந்தது. விண்கலம் வானிலேயே சிதறியது. 7 பேரும் மாண்டார்கள்.

இதற்குச் சிலைடு மட்டுமே காரணம் அல்ல. ஆனால், அந்தச் சிலைடைப் படிக்கும் அதிகாரிக்கு, உயிருக்கே ஆபத்து என்பது விளங்காமல் போகக்கூடும் என்று விசாரணைக் குழு எழுதியது.

கோர்வையாக எழுது!

2004-ம் ஆண்டில் அமேசான் கம்பெனியின் தலைவர் ஜெப் பெசோஸ், மேலதிகாரிகள் கூட்டத்தில் சிலைடு வேண்டாம் என்று உத்தரவு போட்டார். விஷயத்தைக் கோர்வையாக எழுதி வரும்படி கூறினார். கோர்வையாக எழுதினால்தானே எது முக்கியம், எதனால் எது நடந்தது என்பது புலப்படும்!

சிலைடையே ஒதுக்க வேண்டுமா? வேண்டியதில்லை. பவர்பாயிண்டில் ஒவ்வொரு சிலைடுக்கும் கீழே குறிப்பு எழுத இடம் இருக்கிறது. பேச்சை முதலில் அங்கே எழுதலாம். அது பேசுகிறவரின் கம்ப்யூட்டரில் மட்டும் தெரியும்படி செய்யலாம். சபையோருக்குப் படம் மட்டும் தெரியும். வாயால் சொல்லி விளங்காத இடத்துக்கு மட்டும் படம் போட்டால் போதும்.

திரை நிறைய எழுத்து இருந்தால், சபையோர் அதைப் படிப்பார்களா, பேச்சைக் கேட்பார்களா?

உங்கள் பிள்ளை பள்ளிக்குச் சிலைடு தயாரிக்கிறானா? திரை இல்லாமல் ஒரு முறை உங்களிடம் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரிந்தால் பேச்சு தயார். படத்தை அப்புறம் தேடலாம்!