பிரேக் விளக்கும் ஒரு சிறு சுவிட்சும்



தோட்டத்திலிருந்து பெரிய சாலைக்குப் போகும் பாதையில் பல இடங்களில் தெருவிளக்கு இராது. விடியற்காலை இருட்டில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள், முன்னே செல்லும் காரின் பின்விளக்கை நம்பித்தான் ஓட்டுகிறார்கள். அந்தக் கார் நிற்கப் போகிறது என்பதை அவர்களுக்குச் சொல்வது பிரேக் விளக்கு. அது எரியாமற்போனால் பின்னால் வருபவரின் உயிருக்கே ஆபத்து. ஆகவே, அந்த விளக்கை எரிய வைக்கும் சிறிய சுவிட்சைப் பற்றி இன்று அறிந்துகொள்வோம்.

பிரேக் மிதியின் மேற்பகுதியில், ஸ்டியரிங்குக்குக் கீழே, இந்தச் சுவிட்ச் பொருத்தப்பட்டிருக்கிறது. நாம் மிதிக்காத வேளையில் மிதியின் கம்பி சுவிட்சின் முளையை அழுத்திக்கொண்டிருக்கும். மிதித்ததும் முளை வெளியே வரும், மின்சாரம் ஓடும், விளக்கு எரியும். குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்ததும் உள்ளே விளக்கு எரிகிறதல்லவா? அதே முறைதான்.

ஆட்டோ கியர் கார்களில் இச்சுவிட்சுக்கு வேறு வேலைகளும் உண்டு. மிதித்த செய்தி போனால்தான் கியர் ‘பி’ என்ற இடத்தை விட்டு நகரும். பொத்தானை அழுத்திக் கிளப்பும் கார்களில் இஞ்சின் கிளம்புவதற்கும் அந்தச் செய்தி வேண்டும். ஆகவே கியர் நகராவிட்டால், உடனே கியர் பெட்டி கெட்டுவிட்டதென்று கலங்க வேண்டாம்.

ஒன்றை மறவாதீர்கள். காரை நிறுத்துவது இச்சுவிட்ச் அன்று. பிரேக் எண்ணெயின் அழுத்தம். மிதி பஞ்சுபோல் உள்ளே போனால் அது வேறு கோளாறு. அந்தக் காரை ஓட்டவே கூடாது.

இனிச் சோதிக்கும் முறையைப் பார்ப்போம். கைப்பிரேக்கைப் போட்டு, ஒருவர் மிதிக்க, மற்றொருவர் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். ஒரு விளக்கு மட்டும் எரியாவிட்டால் பெரும்பாலும் பல்புதான் போயிருக்கும். எந்த விளக்குமே எரியாவிட்டால் முதலில் பியூஸைப் பாருங்கள். அது போயிருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ளதையே போட வேண்டும். பியூஸ் நன்றாக இருந்தால் அடுத்து ஐயப்பட வேண்டியது சுவிட்சை.

காலை எடுத்த பிறகும் விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தால், மிதியைக் கால்விரலால் மேலே தூக்கிப் பாருங்கள். விளக்கு அணைந்தால் மிதி முழுவதும் திரும்பவில்லை, அல்லது சுவிட்ச் இடம் தவறியிருக்கிறது என்று பொருள். அணையாவிட்டால் முளை படும் இடத்தைப் பாருங்கள். பல கார்களில் அங்கே பொத்தான் போன்ற ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். நாளடைவில் அது நொறுங்கி விழுந்துவிடும். முளை அந்த ஓட்டைக்குள் நீண்டுகொள்ளும். கால்மிதியடியின் மேல் பிளாஸ்டிக் தூள் கிடந்தால் அதுவே அடையாளம். கவனிக்காமல் விட்டால் ஓரிரவில் பேட்டரி இறங்கிவிடும்.

பழைய கார்களின் சுவிட்சில் பெரும்பாலும் 2 வயர்களே இருக்கும். 12 வோல்ட் சோதனை விளக்கை வைத்து, சுவிட்சுக்கு மின்சாரம் வருகிறதா, மிதித்ததும் மறுபக்கம் போகிறதா என்று பார்க்கலாம். வந்தும் போகாவிட்டால் சுவிட்சை மாற்ற வேண்டியதுதான். புதிய கார்களில் 4 வயர்கள் இருக்கக்கூடும். அவற்றின் செய்தியைக் கணினி ஒப்பிட்டுப் பார்க்கிறது. அவற்றில் நாம் கைவைக்காமல், கருவி வைத்திருக்கும் பட்டறையில் காட்டுவதே நல்லது.

இது அற்பக் கோளாறு அன்று. 2013ஆம் ஆண்டில் ஹியுண்டாய், கியா நிறுவனங்கள் இதே சுவிட்சின் பழுதுக்காக அமெரிக்காவில் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தன.

பட்டறைக்குப் போகும்போது, “கியர் பெட்டி போய்விட்டது” என்று நாமே முடிவு சொல்லக் கூடாது. “மிதித்தால் பின்விளக்கு எரியவில்லை, கியரும் நகரவில்லை” என்று கண்டதைக் கண்டபடி சொல்ல வேண்டும். சிறிய சுவிட்சுக்காகப் பெரிய செலவு செய்யாமல் தப்பிக்க இதுவே வழி. வாரம் ஒருமுறை வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் நிற்க வைத்துப் பிரேக் விளக்கைப் பார்த்துவிடுங்கள். நமக்குப் பின்னால் வருகிறவரும் ஒரு குடும்பத்தை நம்ப வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.