முகமறியாதவர் கட்டும் பள்ளிக் கட்டணம்

பள்ளிக் கட்டணம் கட்ட வழியில்லாத ஒரு பிள்ளைக்காக, பல ஊர்களில் பல நாடுகளில் இருப்பவர்கள் ஐந்தும் பத்துமாக இணையம் வழியே பணம் சேர்ப்பதைத் திரள்நிதி என்கிறார்கள். கிரவுட்ஃபண்டிங் என்ற பெயரும் பழகிவிட்டது. பள்ளிக்கு வெளியே இருக்கும் பிள்ளைகளும் இளையோரும் உலகில் ஏறத்தாழ 25 கோடிப் பேர் என்று யுனெஸ்கோ 2023இல் கணக்கிட்டது. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் நிலைமை மிகவும் மோசம். அந்த நாடுகளில் ஒன்றான கென்யாவில் இந்த நிதி எப்படித் திரளுகிறது, எப்படிச் செலவாகிறது என்று பார்த்தால் இம்முறையின் பலமும் பலவீனமும் நன்றாகவே தெரியும்.

கென்யாவில் 2003இல் அதிபர் கிபாகியின் அரசு தொடக்கக் கல்வியை இலவசமாக்கியபோது, அதுவரை வீட்டில் இருந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பள்ளியில் வந்து சேர்ந்தார்கள். 2008இல் உயர்நிலைப் பள்ளிகளின் கற்பிப்புக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. ஆனால் பெயர்பெற்ற உயர்நிலைப் பள்ளிகள் பெரும்பாலும் விடுதிப் பள்ளிகள். அங்கே தங்குவதற்கும் சாப்பிடுவதற்கும் பெற்றோர்தான் பணம் கட்ட வேண்டும். இவற்றில் முதல் வரிசையில் இருக்கும் தேசியப் பள்ளிகளின் கட்டணத்துக்கு அரசு நிர்ணயித்த உச்சவரம்பு ஆண்டுக்கு 53,554 ஷில்லிங், நம் பணத்தில் சுமார் 35,000 ரூபாய். சோளமும் பீன்ஸும் பயிரிட்டுப் பிழைக்கும் குடும்பத்துக்கு இது எட்டாத தொகை.

கட்டணத்தோடு செலவு முடிவதில்லை. சேர்க்கைக் கடிதத்துடன் ஒரு பட்டியலும் வரும். பூட்டுப் போட்ட தகரப் பெட்டி, மெத்தை, போர்வைகள், வாளி, கறுப்புக் காலணி, சீருடை, குறிப்பேடுகள், சோப்பு என்று அது நீளும். இவற்றில் பாதி இல்லாவிட்டாலும் பிள்ளை விடுதிக்குப் போகத் தயங்கும். ஆண்டுக் கட்டணத்தை மூன்று பருவங்களில் 50, 30, 20 சதவீதமாகப் பிரித்து வாங்குவது வழக்கம். ஆக, பட்டியல் சாமான் வாங்க வேண்டிய அதே ஜனவரியில்தான் கட்டணத்தில் பாதியையும் கட்ட வேண்டியிருக்கிறது. பாக்கி வைத்தால் பருவத்தின் நடுவிலேயே பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போன பிள்ளை இரண்டு வாரம், மூன்று வாரம் பாடங்களை இழந்த பிறகு திரும்பி வரும். சிலர் திரும்புவதே இல்லை.

இந்தச் சுமையைப் பத்துப் பேர் சேர்ந்து தூக்குவது கென்யாவில் புதிதல்ல. உறவினரும் அண்டை அயலாரும் தேவாலயத்தாரும் ஓரிடத்தில் கூடி ஒரு மாணவனுக்காகப் பணம் சேர்க்கும் ஹராம்பே கூட்டங்கள், நாடு விடுதலை பெற்ற 1963ஆம் ஆண்டிலிருந்தே பொது வாழ்வின் பகுதியாக இருக்கின்றன. 2007இல் எம்-பெசா என்ற கைப்பேசிப் பணச் சேவை வந்தபோது அந்தக் கூட்டத்துக்கு நேரில் வர வேண்டிய அவசியம் போயிற்று. பள்ளிகளே கைப்பேசி வழியாகக் கட்டணம் வாங்கத் தொடங்கின. 2012இல் தொடங்கிய எம்-சங்கா என்ற உள்ளூர்த் தளம் ஹராம்பேயை அப்படியே கைப்பேசிக்குக் கொண்டுவந்தது. கென்யர்கள் கென்யர்களுக்குக் கொடுக்கும் இந்தப் பணத்துக்கு வெளிநாட்டு நன்கொடையைப் பற்றிய பேச்சில் கிடைக்க வேண்டிய மரியாதை கிடைப்பதில்லை.

வெளிநாட்டிலிருந்து வரும் உதவிக்கும் பழைய முன்னோடி உண்டு. ஜெர்மனியில் பிறந்து, யூதர் என்பதால் இளவயதிலேயே ஸ்வீடனுக்குத் தப்பிப்போய் ஆசிரியையான ஹில்டே பாக், கென்யாவின் கிராமத்துச் சிறுவன் ஒருவனுக்குப் பருவத்துக்குச் சுமார் 15 டாலர் அனுப்பிவந்தார். அந்தச் சிறுவன் கிறிஸ் ம்புரு, ஹார்வர்டில் சட்டம் படித்து ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமை அலுவலரானார். 2001இல் ஹில்டே பாக்கின் பெயரிலேயே ஒரு கல்வி நிதியையும் தொடங்கினார். இந்தக் கதையைச் சொல்லும் ஆவணப்படம் 2010இல் வெளியானது. ஒரே ஆசிரியை, ஒரே மாணவன், படிப்பு முடியும்வரை விடாத உதவி. இணையத் தளங்கள் இன்றும் எட்ட முயல்வது இந்த அளவைத்தான்.

2002இல் உலக வங்கியில் வேலை பார்த்த இருவர் தொடங்கிய குளோபல்கிவிங், 2005இல் வந்த கிவா, 2010இல் வந்த கோஃபண்ட்மி ஆகியவை கொடுப்பவர் வட்டத்தைப் பல மடங்கு பெரிதாக்கின. மூன்றும் ஒரே மாதிரி இயங்குவன அல்ல. குளோபல்கிவிங், சரிபார்க்கப்பட்ட தொண்டு நிறுவனங்களின் திட்டங்களுக்கு மட்டும் பணம் திரட்டுகிறது. கிவாவில் கொடுப்பது கடன். திரும்பி வர வேண்டிய பணம். கோஃபண்ட்மியில் யாரும் வேண்டுகோள் வைக்கலாம், ஆனால் அது பணம் பட்டுவாடா செய்யும் நாடுகளின் பட்டியலில் கென்யா இல்லை. எனவே அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ இருக்கும் ஒரு தெரிந்தவர் தன் வங்கிக் கணக்கில் பணத்தை வாங்கி, பிறகு ஊருக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. பணம் பிள்ளைக்குப் போய்ச் சேருமா என்பது அந்த ஒரு மனிதரின் நாணயத்தைப் பொறுத்தது.

யாருக்குப் பணம் கிடைக்கிறது என்பது அடுத்த சிக்கல். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், பங்கேற்றவர்களுக்கு ஐந்து டாலர் கொடுத்து, அதில் விரும்பியதை நன்கொடையாகத் தரச் சொன்னார்கள். ஆப்பிரிக்கப் பஞ்சம் பற்றிய புள்ளிவிவரம் படித்தவர்கள் சராசரியாக 1.14 டாலர் தந்தார்கள். மாலி நாட்டின் ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியின் படத்தைப் பார்த்தவர்கள் 2.38 டாலர் தந்தார்கள். படத்தோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் காட்டியபோது தொகை 1.43 ஆகக் குறைந்தது. கிவா தளத்தை ஆராய்ந்த வேறொரு ஆய்வு, அழகானவர்களுக்கும் வெளிர்நிறத்தவருக்கும் பணம் விரைவில் சேர்வதைக் கண்டது. முகத்தைப் பார்த்துக் கை நீளும் என்றால், படம் எடுபடாத பிள்ளையின் கட்டணத்தை யார் கட்டுவது? பணம் கிடைத்த பிள்ளையும் அதற்கு ஒரு விலை கொடுக்கிறது. தகப்பன் குடிகாரன், வீட்டில் சாப்பாடில்லை என்று பன்னிரண்டு வயதில் பெயரோடு படத்தோடு இணையத்தில் ஏறியது, அந்தப் பிள்ளை வேலை தேடும் காலத்திலும் அங்கேயே இருக்கும். இது பெரிய அநியாயம். முழுப் பெயரையும் ஊரையும் மறைத்தாலும் பணம் திரட்ட முடியும், மறைக்கத்தான் வேண்டும்.

உதவித்தொகையால் உண்மையில் பயன் உண்டா என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. கானாவில் 2008இல், உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்தும் பணமில்லாமல் சேராமலிருந்த 2,064 பேரிலிருந்து 682 பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து முழு உதவித்தொகை கொடுத்தார்கள். பொருளியலாளர்கள் எஸ்தர் டுஃப்லோ, பாஸ்கலின் டுபா, மைக்கேல் கிரெமர் ஆகியோர் இரு தரப்பையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். உதவி பெற்றவர்களில் படிப்பை முடித்தோரின் பங்கு, பெறாதவர்களைவிடச் சுமார் 26 சதவீதப் புள்ளிகள் அதிகம். பெண்கள் தாயாவதும் தள்ளிப்போனது. கென்யாவின் புசியா மாவட்டத்தில் 2001இல் தொடங்கிய இன்னொரு திட்டம், ஆறாம் வகுப்பில் நன்றாகப் படிக்கும் மாணவிகளுக்கு மட்டும் உதவித்தொகை தந்தது. அங்கே உதவித்தொகைக்கு வாய்ப்பே இல்லாத பையன்களின் மதிப்பெண்ணும் உயர்ந்தது, ஆசிரியர்கள் மட்டம் போடுவதும் குறைந்தது. இந்தியா உட்பட ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஓர் ஆய்வு, வெளிநாட்டவரின் ஆதரவுத் தொகை பெற்ற பிள்ளைகள் ஓராண்டுக்கும் மேல் கூடுதலாகப் படித்திருந்ததை 2013இல் காட்டியது.

இவற்றில் கானாத் திட்டமும் ஆறு நாட்டுத் திட்டமும் பல ஆண்டுகள் நீடித்த உதவியைத் தந்தவை. இணைய வேண்டுகோளோ பெரும்பாலும் ஓராண்டுக் கட்டணத்துக்கானது. முதல் ஆண்டுக்குப் பணம் சேர்ந்துவிடும். மூன்றாம் ஆண்டு அதே பிள்ளைக்காகக் கேட்கும்போது கதை பழசாகியிருக்கும், கொடுத்தவர்கள் வேறு முகங்களிடம் போயிருப்பார்கள். கென்யாவின் பழைய கல்வி முறையில் உயர்நிலைப் படிப்பு நான்கு ஆண்டுகள். பாதியில் நின்றவனுக்குச் சான்றிதழும் இல்லை, செலவழித்த பணத்துக்குப் பலனும் இல்லை.

ஆகவே நல்ல திட்டங்கள் பிள்ளைக்குப் பிள்ளை தனி உண்டியல் வைப்பதில்லை. எல்லா நன்கொடையையும் பொதுநிதியாக்கி, படிப்பு முழுவதற்குமான தொகை கையில் இருக்கும் எண்ணிக்கை அளவுக்கே மாணவரைச் சேர்க்கின்றன. மாணவரைத் தேர்ந்தெடுப்பது, வீட்டைப் பார்த்தறிந்த உள்ளூர் ஆசிரியர்கள் இடம்பெறும் குழு. பணம் நேராகப் பள்ளியின் கணக்குக்குப் போகிறது. ரசீதும் பருவ இறுதி மதிப்பெண் அறிக்கையும் நிதி வைத்திருப்பவரிடம் வந்து சேர்கின்றன. தகரப் பெட்டிக்கும் மெத்தைக்கும் மாணவிகளின் மாதவிடாய் நாப்கினுக்கும் தனியாக ஒரு தொகை ஒதுக்கப்படுகிறது. மாணவர் பள்ளி மாறினால் உதவியும் கூடவே போகிறது. இடையில் நின்றுவிட்டால், மீதித் தொகை காத்திருப்போர் பட்டியலில் அடுத்து இருக்கும் பிள்ளைக்குப் போகும் என்பதைப் பணம் வாங்கும்போதே நன்கொடையாளரிடம் சொல்லிவிடுகிறார்கள்.