எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்

பிழைப்பு நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்த குடும்பங்களுக்கு நேரும் துன்பங்களுள் மிகக் கொடியது மோட்டார் விபத்து. காலையில் சிரித்த முகத்துடன் காரில் ஏறிச் சென்றவர் மாலையில் மருத்துவமனையில் நினைவிழந்து கிடக்கிறார் என்ற செய்தி வருகிறது. சொந்த ஊராயின் அண்ணன் தம்பி, மாமன் மைத்துனன் எனப் பத்துப் பேர் நொடியிற் கூடிவிடுவர். இங்கோ, சேலத்திலிருந்தும் வேலூரிலிருந்தும் உறவினர் வந்து சேரவே சில மணி நேரம் ஆகும். மதுரை, நெல்லை என்றால் ஓர் இரவே கழிந்துவிடும். அந்த இடைவெளியில் அக்குடும்பத்தார் நண்பர்களை நோக்கிக் கூறும் முதற்சொல், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்பதேயாகும்.

இச்சொல்லின் பொருள் யாது? இதைக் கேட்ட நாம் செய்யத்தக்கது யாது? இவற்றைச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

ஒரு நாடு முழுவதும் ஒருவருக்காக வேண்டிக்கொண்ட நிகழ்ச்சி ஒன்று நமது பெங்களூரிலேதான் தொடங்கிற்று. 1982ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள், பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தின் ஞானபாரதி வளாகத்தில் 'கூலி' என்னும் இந்திப் படத்தின் சண்டைக் காட்சி ஒன்று எடுக்கப்பட்டது. அப்போது நடிகர் அமிதாப் பச்சனுக்கு வயிற்றில் பலத்த அடி விழுந்து குடல் சிதைந்தது. இந்நகரின் புனித பிலோமினா மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற அவர், பின்னர் பம்பாயிலுள்ள பிரீச் கேண்டி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். ஆகஸ்டு 2ஆம் நாள் அவர் உயிர் பிரிந்துவிட்டதென்றே மருத்துவர்கள் கருதும் நிலை உண்டாகி, பின்னர் மீண்டார். கோயில்களிலும் மசூதிகளிலும் மாதா கோயில்களிலும் மக்கள் கூடி இறைவனை இறைஞ்சினர். கதைப்படி இறக்க வேண்டிய நாயகன் பிழைத்தெழுவதாகப் படத்தின் முடிவையே இயக்குநர் மன்மோகன் தேசாய் மாற்றி அமைத்தார்.

இரண்டாண்டுகள் கழித்து, 1984இல், தமிழ்நாட்டு முதலமைச்சர் எம்.ஜி.ஆர். நோயுற்று அமெரிக்காவின் புரூக்ளின் நகரில் சிகிச்சை பெற்றபோது தமிழ் மக்கள் வேண்டிக்கொண்டதை நம்மவருள் மூத்தோர் மறந்திரார். அவர் நடித்த 'ஒளி விளக்கு' (1968) படத்துப் பிரார்த்தனைப் பாடல் திரையரங்குகளில் ஒலிக்க, மக்கள் கண்ணீர் மல்க நின்றனர். அவர் 1985 பிப்ரவரியில் நலம் பெற்றுத் திரும்பினார்.

எனினும், வேண்டுதல் எல்லாம் கேட்டபடி நிறைவேறுவதில்லை. கன்னட மக்களின் பேரன்பைப் பெற்ற நடிகரும் இயக்குநருமான சங்கர் நாக், 1990 செப்டம்பர் 30ஆம் நாள், தாவணகெரே அருகே நேர்ந்த கார் விபத்தில் தம் 35ஆம் வயதிலேயே மறைந்தார். அங்கே வேண்டிக்கொள்ளக்கூட எவருக்கும் அவகாசம் கிடைக்கவில்லை. அவர்தம் மனைவி அருந்ததி நாக் துயரில் மூழ்கிவிடாது, பல்லாண்டுகள் உழைத்து, 2004இல் ஜெயநகரை அடுத்த ஜே.பி. நகரில் 'ரங்க சங்கரா' என்னும் நாடக அரங்கை எழுப்பினார். நண்பர்களும் கலையன்பர்களும் உடன் நின்றமையால் எழுந்த நினைவாலயம் அது.

வேண்டுதலால் உடல் நோய் தீருமா என்று அறிவியலாரும் ஆராய்ந்துள்ளனர். அமெரிக்காவில் 6 மருத்துவமனைகளில் இருதய அறுவை சிகிச்சை பெற்ற 1,802 பேரைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2006இல் வெளிவந்தது. முன்பின் அறியாத அடியார்கள் வேண்டிக்கொண்டதால் நோயாளிகளின் சிக்கல்கள் குறையவில்லை. தமக்காக வேண்டுகின்றனர் என்று உறுதியாக அறிந்திருந்தவர்களுக்கோ அவை சற்று மிகுதியாகவே காணப்பட்டன. இது கண்டு பக்தியுடையோர் மனம் வாட வேண்டுவதில்லை. அன்பை அளக்கும் அளவுகோல் மருத்துவமனையின் கணக்கேட்டில் இல்லை. ஆயினும் ஓர் உண்மையை நாம் ஏற்றாக வேண்டும்: வேண்டுதல் மருத்துவத்துக்கு மாற்று அன்று, அதன் துணையேயாகும்.

அமிதாப் பச்சனின் வரலாறே இதற்கும் சான்று. அன்று அவருக்காக வேண்டிக்கொண்டவர் எண்ணிறந்தோர்; ஏறத்தாழ 200 பேர் குருதியும் அளித்தனர். உயிர் காத்த அக்குருதியுள் ஒருவருடையதில் கல்லீரலைத் தாக்கும் 'ஹெபடைடிஸ் பி' என்னும் நோய்க்கிருமி இருந்தது. பல்லாண்டுகள் கழித்தே அது தெரிய வந்தது; அதற்குள் தம் கல்லீரலில் 75 விழுக்காடு பழுதுற்றதாக அவரே கூறியுள்ளார். அன்புடன் அளிப்பதும் சோதித்தே ஏற்கத் தக்கது என்பது இதனால் விளங்கும். இன்று நம் நாட்டில் அளிக்கப்படும் குருதி ஒவ்வொன்றும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி., மேகநோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்கப்பட வேண்டும் என்பது விதி. ஆதலின், அவசரத்தில் பணத்துக்குக் குருதி தர எவரையேனும் தேடி அலைதல் கூடாது. உரிமம் பெற்ற குருதி வங்கியையே நாடுதல் வேண்டும்.

விபத்தைக் கண்டவர் போலீசுக்கும் வழக்குக்கும் அஞ்சி ஒதுங்கிச் செல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. இவ்வச்சத்துக்கு இன்று இடமில்லை. காயமுற்றோர்க்கு உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2016இல் உறுதிப்படுத்தியது. இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியதில் நாம் வாழும் கருநாடக மாநிலம் முன்னோடியாக விளங்கிற்று. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் இப்பாதுகாப்பு சேர்க்கப்பட்டது. உதவியவர் தம் பெயரையும் முகவரியையும் கூற வேண்டும் என்று எவரும் வற்புறுத்த இயலாது. விபத்துக்குப் பின் வரும் முதல் ஒரு மணி நேரத்தைப் பொன்னான நேரம் என அச்சட்டமே குறிக்கிறது. மேலும், 2025 மே மாதம் மைய அரசு அறிவித்த திட்டத்தின்படி, விபத்தில் காயமுற்றவர் முதல் 7 நாள்களுக்கு ரூ.1.5 லட்சம் வரை கட்டணமின்றிச் சிகிச்சை பெற வழியுண்டு. நம் குடும்பங்கள் இதனை அறிந்து வைத்திருத்தல் நலம்.

இனி, வேண்டிக்கொள்ளுமாறு கேட்கும் முறையைப் பற்றி ஒரு சொல். துன்பத்தில் இருப்போர் கூச்சமின்றிக் கேட்கலாம். ஆனால் தெளிவாகக் கேட்பது நன்று. எந்த மருத்துவமனை, எந்த வகைக் குருதி தேவை, யாரிடம் தொடர்பு கொள்வது என்பவற்றையும் உடன் கூறுதல் வேண்டும். செய்தி பெறுவோர் அதனைத் தாமே பலருக்கும் பரப்புதலாகாது. காயமுற்றவரின் படத்தை அனுப்புதல் அறவே தகாது. குடும்பத்தார் சார்பில் நண்பர் ஒருவர் மட்டும் நாள்தோறும் நிலைமையை அறிவித்து வந்தால், கூறியதையே நூறு பேருக்குக் கூறும் வேதனை அவர்களுக்கு இராது.

கேட்போராகிய நாமும், "வேண்டிக்கொள்கிறோம்" என்று சொல்லி அமைந்துவிடாமல் இருப்போமாக. மருத்துவமனை வாயிலில் இரவு விழித்திருப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். வீட்டிலுள்ள குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்ப ஒரு கை வேண்டும். காத்திருப்போர்க்கு ஒரு வேளைச் சோறும் மோரும் வேண்டும். கன்னடத்தில் எழுதப்பட்ட படிவங்களை நிரப்பித் தரவும், மருத்துவர் கூறுவதை விளக்கவும் மொழியறிந்தவர் ஒருவர் வேண்டும். இவையும் வழிபாடே.

எங்குச் சென்று வேண்டுவது என்ற ஐயம் பெங்களூர்த் தமிழர்க்கு ஒருபோதும் எழுந்ததில்லை. அல்சூர் சோமேசுவரர் கோயிலிலும், சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்திலும் நம்மவர் குரல் தலைமுறைகளாக ஒலித்து வருகிறது. ஆண்டுதோறும் கரக ஊர்வலம் காட்டன்பேட்டை தவக்கல் மஸ்தான் தர்காவில் நின்று செல்லும் நகரம் இது. பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மையார் தம் குலதெய்வத்திடம் நமக்காக ஒரு விளக்கு ஏற்றி வைத்தால், அதுவும் நம் உறவேயன்றோ!

ஊரை விட்டு வந்த நமக்கு நண்பர்களே சுற்றத்தார். அடுத்த முறை ஒரு வீட்டிலிருந்து அந்தக் குரல் எழும்போது, நம் நெஞ்சு இறைவனை நோக்கட்டும். நம் கால்கள் மருத்துவமனையை நோக்கி நடக்கட்டும்.