மாங்கன்று நித்திரை கொள்வதில்லை

நான்கு வருடங்களுக்கு முன், ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக் கராஜுக்குள் ஒரு மாங்கன்று செத்துப் போனது. சாகவிட்டது நான்தான்.

கடையில் வாங்கிய மாம்பழத்தின் கொட்டையைச் சாடியில் போட்டு முளைக்க வைத்தவர் அம்மா. கறுத்தக்கொழும்பான் இல்லை, ஏதோ மெக்சிக்கோ மாம்பழம். அதனால் என்ன? காலையில் எழும்பினால் அதில்தான் முழிப்பார். "தம்பி, கண்டு புது இலை விட்டிருக்கு, வந்து பார்" என்பார். இரண்டு குளிர்காலம் யன்னலடியில் தப்பியது. மூன்றாம் வருடம் இடமில்லை என்று அத்திச் சாடியோடு சேர்த்துக் கராஜுக்குள் தள்ளிவிட்டேன். பெப்ரவரியில் பார்த்தால் தண்டு கறுத்துப் போயிருந்தது. அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. சாடியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அதுதான் எனக்குச் சுட்டது.

பக்கத்தில் இருந்த அத்தியோ ஏப்ரலில் துளிர்த்தது.

இது ஊர் அத்தி இல்லை, உலர்த்தி விற்பார்களே, அந்தச் சீமை அத்தி. இலையுதிர்க்கும் மரம். நவம்பரில் இலையைக் கொட்டிவிட்டு நித்திரைக்குப் போய்விடும். அந்த நேரம் அதற்கு வெளிச்சம் தேவையில்லை. 0 முதல் 7 பாகை வரை குளிரும் இருட்டுக் கராஜும் மாதம் ஒருக்கால் கொஞ்சத் தண்ணீரும் போதும். மாவுக்கும் எலுமிச்சைக்கும் அப்படி நித்திரை இல்லை. குளிர்காலம் முழுக்க அவற்றுக்கு வெளிச்சம் வேண்டும். தெற்குப் பார்த்த யன்னல் நல்லது. ஹீட்டர் காற்று நேரே படக்கூடாது. மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். விக்டோரியா தினம் கழிந்து வெளியே எடுக்கலாம், முதல் வாரம் நிழலில்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டு இத்தாலியப் பெரியவர். என் அத்தி, அவர் தந்த தடியில் வந்தது. தன் மரத்தை அவர் ஒவ்வொரு நவம்பரும் புதைப்பார். ஒரு பக்க வேரை வெட்டி, மரத்தைச் சரித்துக் குழியில் படுக்கவைத்து, பலகை, சருகு, மண் போட்டு மூடுவார். ஏப்ரலில் நிமிர்த்துவார். இத்தாலியரும் போர்த்துக்கேயரும் ரொறன்ரோவில் காலங்காலமாகச் செய்கிற வேலை இது.

அவருக்கு மரம் இருந்தது, குளிருக்குள்ளும் ஒரு கவலை இருந்தது. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என்ன இருக்கிறது? பிள்ளைகள் வேலைக்கு, பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு. ஐந்து மாதம் நாலு சுவரும் தொலைக்காட்சியும்தான். ஊரில் தோட்டம் செய்த கைகள் அவை. அவர்களுக்கு ஒரு சாடி வாங்கிக் கொடுங்கள். இடமில்லை என்று என்னைப்போலச் சொல்லாதீர்கள். ஊரிலிருந்து மண்ணோடு கன்று கொண்டுவரவும் வேண்டாம், சட்டம் விடாது. இங்கேயே நல்ல ஒட்டுக்கன்று கிடைக்கிறது.

போன வருடம் அம்மாவுக்கு ஒரு எலுமிச்சை வாங்கினேன். கவிழ்த்து வைத்த அதே சாடியில்தான் நட்டார். நான் தண்ணீரோடு போனால் முதலில் மண்ணில் விரலை விட்டுப் பார்ப்பார்.

"இப்ப வேண்டாம். நீ பேசாமல் வேலைக்குப் போ."