வீட்டு ஆரோக்கியத்துக்கும் ஒரு கணக்கெடுப்பு

வருடத்தில் ஒரு தடவை கடையை மூடி இருப்புக் கணக்கெடுக்கிறோம். குறைந்ததும் பழுதானதும் அன்றுதான் தெரியவரும். வீட்டுப் பெண்களின் உடல்நலத்துக்கு அப்படியொரு நாளை நம்மில் எத்தனை பேர் ஒதுக்குகிறோம்?

வருத்தம் முற்றிய பின்தான் கொழும்புக்குக் கொண்டுபோய் பெரிய டொக்டரைச் சனல் பண்ணுகிறோம். பயணம், பரிசோதனை, பூட்டிய கடை என்று செலவு பல வழிகளில் ஏறுகிறது. பிரஷரும் சீனியும் ஆரம்பத்தில் நோவு காட்டுவதில்லை. கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயும் அப்படித்தான். பெரும்பாலும் 10 வருடங்களுக்கு மேலாக மெதுவாக உருவாகிறது. நேரத்துக்குப் பார்த்தால் தடுத்துவிடலாம்.

வழி ஊரிலேயே இருக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளில் பெண்களுக்கான 'சுவநாரி' கிளினிக் 1996இல் ஆரம்பிக்கப்பட்டது. 35 வயதுப் பெண்களை முக்கியமாக அழைத்து, பிரஷர், சீனி, மார்பகம், கர்ப்பப்பைக் கழுத்து ஆகியவற்றை இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் நாளைச் சொல்வார். மகள் ஆறாம் தரத்தில் இருந்தால், 2017 முதல் பாடசாலையில் வழங்கப்படும் எச்.பி.வி. தடுப்பூசியைத் தவறவிட வேண்டாம்.

அறிக்கையைக் குடும்ப வைத்தியரிடம் காட்டுங்கள். ஒரே வைத்தியரிடம் தொடர்ந்து போனால், தாயின் சீனியும் மகளின் இரத்தச்சோகையும் அவருக்குத் தெரிந்திருக்கும். யாரை எப்போது விசேட வைத்தியரிடம் அனுப்புவது என்பதையும் அவரே சொல்வார்.

என் கடையில் வேலைசெய்யும் சகோதரிகளுக்கு இதற்காக வருடத்தில் அரை நாள் சம்பளத்துடன் லீவு கொடுக்கிறேன். கல்லாவில் அது பெரிய குறையல்ல. ஆண்கள் சொன்னால்தான் கிளினிக் போகும் வீடுகள் நம்மிடையே இன்னும் உண்டு. ஆகவே, முதலில் சொல்ல வேண்டியவர்கள் நாமே.