திடலுக்கு நீர் எங்கே?

பள்ளிவாசல்துறை நெய்தல் நிலம். மேற்கே பெருங்கடல், கிழக்கே புத்தளம் களப்பு, இடையே கிடப்பது கற்பிட்டித் தீபகற்பத்தின் மணற்பரப்பு. இப்பகுதியையும் இதனைச் சார்ந்த 14 தீவுகளையும் உல்லாசப் பயணத் தலமாக்க இந்நூற்றாண்டின் முற்பகுதியில் வகுக்கப்பெற்ற திட்டத்திலே கோல்ஃப் திடலும் பேசப்பட்டது. அத்தகைய திடல் இங்கு அமையின் யாது நேரும் என ஆராய்தல் நம் கடன்.

கடற்கரை மணலும் கோல்ஃப் ஆட்டமும் பழைய உறவினர். ஸ்கொத்லாந்தின் சென் அன்ட்றூஸ் திடலை உருவாக்கியவை மணல்மேடும் காற்றுமே. அங்கே 1764இல் 22 குழிகள் 18 ஆகக் குறைக்கப்பட்டன. அவ்வெண்ணே பின்னர் உலக வழக்காயிற்று. காற்று அலைக்கும் பந்துக்கு அகன்ற வெளி விடுவதும், மேட்டை வெட்டாது பாதையை வளைப்பதும் வடிவமைப்போன் திறன். நம் நாட்டிலும் அம்பாந்தோட்டைக் கரையில் றொட்னி றைற் வடிவமைத்த 18 குழித் திடல் 2016இல் திறக்கப்பட்டது.

ஆயின், ஸ்கொத்லாந்திலே மழை புல்லை வளர்க்கின்றது. கற்பிட்டியோ உலர் வலயம். இங்கு மணலின்கீழ் நன்னீர், உவர்நீரின்மேல் மெல்லிய வில்லைபோல் மிதக்கின்றது. நன்னீர் மட்டம் ஓரடி தாழின், உவர்நீர் காலப்போக்கில் ஏறக்குறைய 40 அடி மேலெழும் என்பது நீரியலார் கணக்கு. அந்நன்னீரை நம்பியே மிளகாயும் வெங்காயமும் விளைகின்றன. வீட்டுக் கிணறும் ஊறுகின்றது.

உவர் தாங்கும் பஸ்பாலம் புல்லை நடலாம். விடுதிக் கழிவுநீரைத் தூய்தாக்கிப் பாய்ச்சலாம். ஆடுமிடமொழிந்த ஏனைய நிலத்தை மணலாகவே விடலாம். இவை இயலாவெனின் அத்திடல் வேண்டா. விருந்தினர் ஆடிச் செல்வர், கிணறு ஊராருடையது.