நகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்

சென்ற ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு முந்தைய நாள் இரவு. பலகாரத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த நன்னி என் விரல்களைப் பார்த்துவிட்டார்.

“இதோட ஒளு எப்படிம்மா கூடும்?”

நான் பதிலை ஆயத்தமாக வைத்திருந்தேன். “இது வேற மாதிரி நன்னி. தண்ணி உள்ள போகும்னு பெட்டியிலேயே போட்டிருக்கு.” 18 வெள்ளி கொடுத்து வாங்கிய நகச்சாயம் அது.

நன்னி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. “போட்டிருக்கு, சரி. நீ பார்த்தியா?” என்றார்.

நான் பார்க்கவில்லை. பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கிறேன். ஆனாலும் பார்க்கத் தோன்றவில்லை.

தொழுகைக்கு முன் முகம், முழங்கை வரை கைகள், கணுக்கால் வரை கால்கள் ஆகியவற்றைக் கழுவி, தலையை ஈரக்கையால் தடவுவதுதான் ஒளு. கழுவ வேண்டிய இடம் முழுவதும் தண்ணீர் பட வேண்டும். பெரும்பாலான நகச்சாயங்களில் நைட்ரோசெல்லுலோஸ் என்ற பொருள் இருக்கிறது. கரைப்பான் ஆவியானதும் அது நகத்தின்மேல் மெல்லிய படலமாக இறுகிவிடும். தண்ணீர் படலத்தோடு நின்றுவிடும். அதனால்தான் இந்தச் சிக்கல்.

இதற்குத் தீர்வு என்று ‘காற்றுப் புகும்’ நகச்சாயங்கள் விற்பனைக்கு வந்தன. காற்றும் நீராவியும் ஊடுருவும் என்பதும், ஒளு செய்யும் சில நொடிகளில் தண்ணீர் நகத்தைத் தொடும் என்பதும் ஒன்றல்ல. அன்றிரவே சமையலறை மேசையில் சோதித்துப் பார்த்தேன். மெல்லிய தாளில் ஒரு பூச்சு பூசி, காயவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். தாளின் அடிப்பக்கம் மெதுவாக நனைந்தது. இன்னொரு தாளில் இரண்டு பூச்சு. பத்து நிமிடம் காத்திருந்தும் நனையவில்லை. நகத்தில் நான் பூசியிருந்ததும் இரண்டு பூச்சுதான்.

இதை ஆய்வுக்கூடச் சோதனை என்று சொல்ல மாட்டேன். தாளில் நுண்துளைகள் உண்டு, நகம் அப்படியல்ல. ஆகவே தாள் நனைந்தாலும் நகம் நனையும் என்று முடிவுகட்ட முடியாது. ஆனால், பெட்டியில் இருந்த ஒரு வரியை நம்பி நான் தொழவிருந்தேன் என்பது மட்டும் புரிந்தது.

மாதவிடாய் நாள்களில் தொழுகை இல்லை என்பதால், அப்போது மட்டும் நகச்சாயம் பூசும் தோழிகள் எனக்கு உண்டு. விவரம் தெரிந்தவர்கள் பார்த்தால் காரணத்தை ஊகித்துவிடுவார்களே என்று கூச்சப்பட்டு அதையும் விட்டவர்கள் உண்டு.

சாயத்தை அழித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். நன்னி மருதாணி வைத்துவிட்டார். மருதாணி படலமாகப் படிவதில்லை. அதிலுள்ள லாசோன் என்ற நிறமி, தோலிலும் நகத்திலும் இருக்கும் கெரட்டின் புரதத்தோடு சேர்ந்துகொள்கிறது. விழுதைக் கழுவிய பிறகு நிறம் மட்டுமே மிஞ்சும், தண்ணீருக்குத் தடையில்லை. நன்னிக்கு லாசோன் தெரியாது. ஆனால் மருதாணியில் ஒளு கூடும் என்பது தெரியும்.

அதற்காக மருதாணி என்று எழுதியிருப்பதை எல்லாம் நம்பிவிடவும் கூடாது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்த என் தோழி ஒருத்தி, பெருநாள் சந்தையில் ‘கறுப்பு மருதாணி’ போட்டுக்கொண்டாள். சில நாள்களில் கோலம் போட்ட இடமெல்லாம் கொப்புளம். அசல் மருதாணி கறுப்பாக இருக்காது. முதலில் ஆரஞ்சு நிறமாகப் பிடித்து, ஓரிரு நாளில் செம்பழுப்பாகும். சீக்கிரம் கறுப்பு நிறம் வருவதற்காகச் சிலர் சேர்ப்பது பிபிடி எனப்படும் வேதிப்பொருள். அது முடிச்சாயத்துக்கு உரியது. தோலில் பூசினால் கடுமையான ஒவ்வாமை ஏற்படலாம். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், பிற்காலத்தில் முடிச்சாயம்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். நம் பாட்டிமார் தீட்டிக்கொண்ட சுர்மாவிலும் சில வகைகளில் ஈயம் இருக்கிறது.

உதட்டுச்சாயம் வாங்கும்போது பெட்டியின் பின்பக்கத்தில் ‘கார்மைன்’ அல்லது ‘சிஐ 75470’ இருக்கிறதா என்று பாருங்கள். கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுக்கப்படும் சிவப்பு அது. கூடாது என்போர் உண்டு. இந்தோனீசிய உலமா மன்றம் 2011ல் கொச்சினீல் சாயத்துக்கு அனுமதி தந்தது. நம் தமிழ் முஸ்லிம்களிலேயே ஹனஃபி, ஷாஃபி என இரு வழியினர் இருக்கிறோம். எந்தக் கருத்தைப் பின்பற்றினாலும், உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்த பிறகுதானே முடிவெடுக்க முடியும்?

மலேசியாவில் ஜாக்கிம் அழகுசாதனப் பொருள்களுக்கும் ஹலால் சான்றிதழ் தருகிறது. இந்தோனீசியா, இத்தகைய பொருள்களுக்கு ஹலால் சான்றிதழைக் கட்டாயமாக்க 2026 அக்டோபரைக் காலக்கெடுவாக வைத்தது. முத்திரை உதவும். ஆனால் அது ஒளுவைப் பற்றிய கேள்விக்கும் பதிலாகிவிடாது. மூலப்பொருள் ஹலாலாக இருந்தும் தண்ணீர் புகாமல் இருக்கலாம்.

இவையெல்லாம் எனக்கும் பெட்டிக்கும் இடையிலான கேள்விகள். வெளியில் கேட்கப்படும் கேள்விகள் வேறு. “தலையில முக்காடு, உதட்டுல சாயமா?” என்று உறவினர் ஒருவர் கேட்டார். ஒப்பனை இல்லாமல் வகுப்புக்குப் போன நாளில், “உடம்பு சரியில்லையா?” என்றாள் சக மாணவி. பூசினாலும் குறை, பூசாவிட்டாலும் குறை.

நாணம் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயம், 31ஆம் வசனத்தை நினைவூட்டுவார்கள். பெண்கள் பார்வையைத் தாழ்த்தவும், இயல்பாக வெளியே தெரிவதைத் தவிர மற்ற அலங்காரத்தைக் காட்டாதிருக்கவும் சொல்லும் வசனம் அது. அந்த ‘இயல்பாகத் தெரிவது’ எது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கண்ணுக்கு இடும் சுர்மாவும் விரலில் போடும் மோதிரமும் அதில் அடங்கும் என்று விளக்கம் சொன்ன முற்கால அறிஞர்களும் இருந்தார்கள். அதற்கு முந்தைய 30ஆம் வசனம், பார்வையைத் தாழ்த்தும்படி ஆண்களுக்குச் சொல்கிறது. அதை யாரும் எனக்கு நினைவூட்டியதில்லை.

யார் எவ்வளவு பூசலாம் என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. மார்க்க விளக்கத்துக்கு ஆலிம்கள் இருக்கிறார்கள். ஆனால் என் முகத்தைப் பார்ப்பவர்களுக்குத் தெரியாத இரண்டு விஷயங்கள் எனக்குத் தெரியும்: தண்ணீர் என் நகத்தைத் தொட்டதா, நான் யாருக்காக இதைப் பூசினேன். இரண்டாவதற்கு எனக்கு எப்போதும் நேரான பதில் கிடைப்பதில்லை. தோழிகள் எல்லாரும் பூசுகிறார்கள் என்பதற்காகப் பூசிய நாள்களும் உண்டு.

இப்போது வீட்டுக்கு வரும் எந்தப் பெட்டியையும் நன்னி என்னிடம்தான் நீட்டுகிறார். பின்பக்கத்திலுள்ள பொடி எழுத்துகளைப் படித்துத் தமிழில் சொல்வது என் வேலை. ஒவ்வொரு பெயருக்கும், “அப்படின்னா என்ன?” என்று கேட்கிறார். பாதிக்கு எனக்குப் பதில் தெரிவதில்லை. “தேடிப் பார்த்துச் சொல்றேன் நன்னி,” என்கிறேன்.